கப்பல்காரன் கிட்டினானா?

என்னைப் பார்க்க வருகிறவர்கள், பேச ஒன்றும் இல்லாமல் போகும்போது, "இப்போ என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பதில் வேண்டாதவர்களுக்குக் கேள்வி எதற்கு? இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்தபடி, அடுப்பில் சோறு குழைவதையும் மறந்து பதிலுக்காக நின்ற ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுக்குப் பிறகு யார் கேட்டாலும் எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றில். ஒரே வளவாக இருந்ததை எப்போதோ இரண்டாகப் பிரித்து விற்றிருந்தார்கள். நிலத்தைப் பிரிக்கலாம், கிணற்றை எப்படிப் பிரிப்பது? அதன் குறுக்கே ஒரு நீளக் கல்லைப் போட்டு, கல்லின்மேல் மதிலை எழுப்பிவிட்டார்கள். பாதிக் கிணறு எங்களுக்கு. மறுபாதி ஒரு முஸ்லிம் வியாபாரி குடும்பத்துக்கு. அவர்கள் பக்கம் ஒரு கப்பி, எங்கள் பக்கம் ஒரு கப்பி. கல்லுக்குக் கீழே தண்ணீர் மட்டும் பொது.

நாங்கள் வேதக்காரர்கள். மாமனார் சபையில் மூப்பர், என் கணவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என் மாமியாருக்கு எழுத்து தெரியாது. ஆனால் வேத வசனத்தில் ஒரு சொல் பிசகினால் உள்ளறையிலிருந்தே திருத்துவார். கதைப் புத்தகம் என்றால் அவருக்குக் கள்ளுக்குடம் மாதிரி, வீட்டுக்குள் வரக்கூடாது. என் கணவர் தன்னோடு வேலை பார்க்கும் வாத்தியார்மாரிடம் நாவல்களை இரவல் வாங்கி, சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து தருவார். எனக்கு அவர் செய்த உபகாரங்களில் அதுதான் பெரிது. ஆண்கள் வெளியே போனபின், வெயில் ஏறி மாமியார் சற்றுக் கண் அயர்ந்ததும், துணியை ஊறப்போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாசிப்பேன். சபைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு வாசிக்கத் தெரியாது. நானும் முணுமுணுவென்று சத்தம் போட்டே வாசிப்பேன். கிணறு அதை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

ஒருநாள் ஒரு கதையில் ஒரு பெண் புருஷன் வீட்டைவிட்டு இறங்கி ரயிலடியில் நிற்கிறாள். அந்த இடத்தில் எனக்கு உலை ஞாபகம் வந்து, புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் இறைக்க எழுந்தேன். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏட்டி, அவ ரயில் ஏறினாளா இல்லியா?"

கையிலிருந்த கயிறு நழுவி, வாளி தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

"யாரு அது?"

"நாந்தான், இந்த வீட்டு மருமவ. எத்தன நாளா கேட்டுட்டு இருக்கேன் தெரியுமா? நல்ல எடத்துல நிப்பாட்டிட்டு நீ பாட்டுக்கு எழும்பிப் போயிருத. மனுசருக்கு ஒறக்கம் வராண்டாமா?"

குனிந்து பார்த்தேன். கல்லுக்கு அடியில், தண்ணீரில், முக்காடு போட்ட ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அவளும் அந்தப் பக்கம் குனிந்து என்னைத் தண்ணீரில் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பிற்பாடும் நான் அவளைப் பார்த்ததெல்லாம் அனேகமாக அந்தத் தண்ணீரில்தான். வாளி விழுந்தால் முகம் கலையும், பேச்சு மட்டும் தொடர்ந்து வரும்.

"ஏறிட்டா" என்றேன்.

"ரயிலு எப்படி இருக்கும்?"

எனக்கு என்ன தெரியும்? நாகர்கோவில் பக்கம் அப்போது ரயில் கிடையாது. நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கிணறே குலுங்கியது.

"பாக்காமலா இந்த வாசிப்பு வாசிக்க? நான் நெனச்சேன் நீ ரயில்லயே பெறந்தவன்னு."

மறுநாள் நான் வாளியை இறக்கும்போதே குரல் வந்தது. "வந்திட்டியா? இப்ப என்ன வாசிக்க?" அதன்பிறகு இரண்டு மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுடைய வெள்ளிக்கிழமையும் போக, இந்தக் கேள்வி இல்லாமல் என் பகல் கழிந்ததில்லை. கோடையில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விடும். பேச்சு அடியில் முட்டி, தடித்துத் திரும்பி வரும். மழைக்காலத்தில் தண்ணீர் மேலேறி, அவள் என் தோளில் நின்று பேசுவது போல இருக்கும். ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் மட்டும் ஒன்றும் கேட்காது. அந்த மாதத்தை இரண்டுபேரும் வாயாரத் திட்டுவோம்.

அவளும் வாசிக்கிறவள் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் ஒரு கதையை முடித்ததும், "இனி நான் பறையட்டா?" என்றாள். தேங்காப்பட்டணத்துக்காரி, 'சொல்' என்பதற்கு அவர்கள் ஊரில் 'பறை' என்பார்கள்.

"எனக்கிட்ட ஒரு புஸ்தகம் இருக்கு. எனக்க வாப்பா வாங்கித் தந்தது. அதுல உள்ள கத."

"குடு, நானே வாசிக்கேன்."

"உனக்கு வாசிக்க வராது. அரபு எழுத்தாக்கும்."

"அரபு பாஷ உனக்குத் தெரியுமா?"

"பாஷ நம்ம பாஷதாட்டி. எழுத்துதான் அது."

அப்படி ஒன்று உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதி அச்சடித்த புத்தகங்கள் அவர்கள் வீடுகளில் இருந்தன. அவளுக்குச் சின்ன வயதில் ஓதக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த எழுத்தைத்தான் கொடுத்தார்கள். தமிழ் எழுத்தில் அவளுக்கு ஓர் அ கூடத் தெரியாது. எனக்கு அவளுடையது தெரியாது. இரண்டுபேரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு, ஒருத்தி புத்தகத்துக்கு மற்றவள் குருடாக இருந்தோம். வாயால் சொன்னால்தான் உண்டு.

என் நாவல்களை அவள் சும்மா கேட்கமாட்டாள். "உங்க கதையில எல்லாரும் எதுக்கெடுத்தாலும் கடிதாசி எழுதுதாவ. நேர போய் கேட்டா என்னவாம்?" என்பாள். நான் விடுவேனா? "உங்க கதையில ஒருத்தி அழுதா கடலு பொங்கி ஊருக்குள்ள வருது" என்பேன். அவளுக்கு ரோஷம் வந்து தண்ணீரை அள்ளி என் பிம்பத்தின்மேல் ஊற்றுவாள்.

ஆனால் அவள் கதை நல்ல கதை. ஒரு கப்பல்காரன். கல்யாணமான புதிதில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி ஆண் உடுப்பு உடுத்திக்கொண்டு அவனைத் தேடித் துறைமுகம் துறைமுகமாகப் போகிறாள். ஒவ்வொரு துறையிலும் அவனைப்பற்றி ஒரு சேதி கிடைக்கும். சேதிக்குக் கூலியாகத் தன்னிடம் உள்ள ஒன்றை அவள் கொடுக்கவேண்டும். ஓரிடத்தில் மோதிரம். ஓரிடத்தில் தலைமுடி. ஓரிடத்தில் தன் பெயர்; அங்கிருந்து அவளை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. பாட்டும் வசனமுமாகப் போகும். பாட்டு வருகிற இடங்களில் குரலைத் தாழ்த்தி, கிணற்றுக்குள் குனிந்து பாடுவாள்.

தாழ்த்துவதற்குக் காரணம் அவளுடைய மாமியார். தெருவே அவரைப் பெரியும்மா என்று கூப்பிடும். கதை, பாட்டு எதுவும் அவருக்குப் பிடிக்காது. அவர்கள் மார்க்கத்துப் பெரியவர்கள் பேரிலுள்ள புகழ்ப் பாட்டுகளை மருமகள் வாசித்தால் மட்டும் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து கேட்பார். பகல் முழுக்க அடுக்களைப் புறத்தில் உரலில் எதையாவது இடித்துக்கொண்டிருப்பார். அந்த உலக்கைச் சத்தம்தான் எங்களுக்குக் காவல். சத்தம் நின்றால் அவர் எழுந்து வருகிறார் என்று இரண்டுபேரும் வாயை மூடிக்கொண்டு மும்முரமாகத் தண்ணீர் இறைப்போம். அனேகமாக நல்ல இடம் வரும்போதுதான் அது நிற்கும். ஆனால் ஒருநாளும் அவர் கிணற்றடிக்கு வந்ததில்லை.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. அவளாக அதைப்பற்றிப் பேசினதில்லை. கிணற்றடிக்கு வராத நாட்களை வைத்து நான் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்த அன்று, "உடம்பு எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டேன். "அத விடு. என்ன வாசிக்க?" என்றாள். அன்று கையிலிருந்த நாவலில் ஒரு தொட்டில் சீன் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னேன். கதை எங்கோ இடறியது அவளுக்குத் தெரிந்திருக்கும், "பொறவு?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் முறை உண்டானபோது அவளே சொன்னாள். இந்தத் தடவை தங்கிவிட்டது, தாய்வீட்டுக்குப் போகப்போகிறேன், பிரசவம் அங்கேதான் என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே ஓர் எரிச்சலும் வந்தது. கதையில் அந்தப் பெண் கடைசித் துறைக்கு வந்திருந்தாள். கொடுக்கக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. கரையோரமாக ஒரு வீட்டைக் காட்டி, நீ சொல்கிற ஆள் அங்கே இருக்கிறான் என்கிறார்கள். அவள் போய்க் கதவைத் தட்டுகிறாள்.

"பொறவு?" என்றேன்.

"பொறவு ஒண்ணும் இல்ல. அத நீதான் வாசிக்கணும்."

"எனக்கு எழுத்து தெரியாதுல்லா?"

"நான் படிச்சுத் தாறேன். இன்னும் நாளு கெடக்கு." பிறகு சொன்னாள். "ஏட்டி, இந்த வீட்டுல எல்லாருக்கும் நான்தான் வாசிச்சுக் குடுக்கேன். எங்க உம்மா வீட்டுலயும் அப்படித்தான். எனக்க புஸ்தகத்த எனக்கு ஒருத்தரும் வாசிச்சுத் தந்ததில்ல. நீ உனக்க கதய வாசிக்கும்போ எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? பிள்ள பெத்துட்டு வந்து நான் இந்தக் கெணத்தங்கரையில இருப்பேன். கதவத் தட்டினதுக்குப் பொறவு உள்ளத நீ வாசிக்கணும். நான் சும்மா இருந்து கேக்கணும்."

அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது.

கமுகம்பாளையை நறுக்கி, அதில் கரியால் எழுத்தை எழுதி, வாளியில் வைத்து அனுப்புவாள். வாளியைத் தண்ணீருக்குமேல் கொஞ்சம் இறக்கி, வீசி ஆட்டினால் கல்லுக்கு அடியில் இந்தப் பக்கம் வரும். நான் குனிந்து பிடித்துக்கொள்வேன். வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும். அது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. புள்ளிகள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் புள்ளி பொறுக்கினேன். தப்பாக வாசித்தால் அங்கிருந்து சிரிப்பு வரும். ஒருநாள் ஒரு பாளையை இரண்டு மூன்று முறை உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தபோது, சட்டென்று 'தண்ணி கோரியாச்சா' என்று வந்தது, தண்ணீர் இறைத்தாயிற்றா என்று. அந்த அன்னிய எழுத்துக்குள் எங்கள் அடுக்களைப் பேச்சு உட்கார்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கோரியாச்சு" என்று கத்தினேன். உலக்கைச் சத்தம் நின்றது. இரண்டுபேரும் ஓடிப்போனோம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் புத்தகம் வாளியில் வந்தது. துணியில் சுற்றியிருந்தாள். மேலட்டை எப்போதோ போயிருந்தது. ஓரமெல்லாம் நைந்து, முதல் தாளில் இறைவன் பேரில் துதி. "நான் வாறதுக்குள்ள தட்டாம வாசிக்கப் படிச்சு வையி. கதவுக்கு இங்க உள்ளதெல்லாம் வாசி. அதுக்கு அங்க உள்ளத தொடாத. அது எனக்கு."

மறுநாள் காலையில் வில்வண்டி வந்தது. நான் வாசலில் நின்றேன். திரையை விலக்கி அவள் எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் பார்த்தவளைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். புருவத்துக்குமேல் ஒரு தழும்பு இருந்தது. தண்ணீர் அதை எனக்குக் காட்டினதில்லை. பக்கத்தில் பெரியும்மா இருந்ததால் பேசவில்லை. கையை விரித்து, புத்தகம் வாசிக்கிறதுபோல முகத்துக்கு நேரே வைத்துக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

புத்தகத்தை நெல் கொட்டும் பத்தாயத்துக்குப் பின்னால், கருவாட்டுக் கடவப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒளித்துவைத்தேன். என் மாமியார் அங்கே கையை விடமாட்டார் என்று கணக்கு. தினமும் எடுத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, பிறகு சொல் சொல்லாக, பிறகு வரி வரியாக வாசித்தேன். அவள் வாயால் கேட்ட கதைதான். ஆனாலும் தாளில் பார்க்கும்போது புதிதாக இருந்தது. அவள் வாயில் வராத பாட்டுகள் நடுவில் இருந்தன. சிலவற்றை ஏன் விட்டாள் என்று தெரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் பாட்டு இரண்டாம் துறையில் வருகிறது. அதை நான் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டே வாசித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வேலைக்காரி தண்ணீர் இறைப்பாள். உலக்கைச் சத்தம் கேட்கும். வேறு ஒன்றும் இருக்காது.

கதவைத் தட்டுகிற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். அதற்குமேல் கொஞ்சம் தாள்கள்தான். விரல் துறுதுறுத்தது. அந்தத் தாள்களை ஒன்றாகச் சேர்த்து நூலால் கட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு அடக்கமாக எந்தப் புத்தகத்திடமும் நடந்துகொண்டதில்லை.

அந்த வருஷம் எங்கள் தாய்வீட்டுச் சபையில் அசனப் பண்டிகை வந்தது. சபை முழுக்கச் சேர்ந்து ஆக்கி, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிற நாள். போய்விட்டு ஒரு வாரம் தங்கித் திரும்பினேன். வந்ததும் வராததுமாகப் பத்தாயத்துக்குப் பின்னால் கையை விட்டேன். சுவர் வெறுமனே இருந்தது. கடவத்தையும் காணவில்லை. கன்னிப்பூ அறுவடை நெல் வந்திருந்தது. பத்தாயத்தை ஒதுக்கிச் சுத்தம் செய்திருந்தார்கள்.

"மாமி, இங்கன ஒரு புஸ்தகம்..."

என் மாமியாரின் முகம் அப்படிப் பிரகாசமாகி நான் பார்த்ததில்லை. "நீயும் பாத்தியா? அவங்க வேத புஸ்தகம் மக்கா! எலி இழுத்துட்டு வந்துதோ என்னமோ. போயும் போயும் கருவாட்டுக் கடவத்துப் பக்கத்துலயா வேதம் கெடக்கும்? எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. நம்ம வேதம் அவங்க வீட்டுல அப்படிக் கெடந்தா நமக்கு எப்படி இருக்கும்?"

அவர் குளித்துவிட்டு வந்து அதைத் தொட்டிருக்கிறார். கோடித் துவர்த்து ஒன்றில், உடுத்தாத புதுத் துண்டில், சுற்றியிருக்கிறார். அரபு எழுத்து என்றால் அவருக்கு வேதம்தான். அந்த எழுத்தில் ஒருத்தி கதை வாசிப்பாள் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம். மாமனார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் பள்ளிவாசலுக்கு நடந்துபோய், பாங்கு சொல்லும் மோதினார் கையில் அதை ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு ஆங்காரமாக வந்தது. யாரை நோவது? மாமியார் ஒரு தப்பும் செய்யவில்லை. மரியாதைதான் செய்தார். அவர் செய்ததில் ஒரு பொல்லாங்கு இருந்திருந்தால் நான் பாத்திரத்தைப் போட்டு உடைத்தாவது ஆத்திரத்தைத் தீர்த்திருப்பேன். அன்று அரைத்த தேங்காயை இரண்டாம் தடவையும் அரைத்துக்கொண்டு நின்றேன்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் மறுநாளே போய் விசாரித்தார். முதல் தாளில் இறைவன் பேர். அட்டையில்லாமல் நைந்த தாள்கள். ஒரு பெரியவர் வெறுங்காலோடு கொண்டுவந்து பயபக்தியாகத் தருகிறார். மோதினார் அதற்குமேல் புரட்டிப் பார்க்கவில்லை. கிழிந்துபோன ஓதுகிற தாள்களைக் கால்படாமல் போட்டுவைக்கிற பெட்டியில் வைத்துவிட்டார். பெட்டி நிறைந்தால் அவற்றை அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். அந்த வாரம்தான் பெட்டி நிறைந்திருந்தது.

"கபர்ஸ்தான் மூலையில வச்சு மூடிட்டாவளாம்" என்றார். "நல்ல மனுசன். கதப் புஸ்தகம்னு சொன்னதும் அவருக்கே கஷ்டமாப் போச்சு. ஆனா மூடினத இனி தோண்டமாட்டாவ. நானும் கேக்கல."

அதிலிருந்து எனக்கு ஒரே வேலை, அவள் வந்ததும் என்ன சொல்வது என்று யோசிப்பதுதான். துணி துவைக்கும்போது ஒன்று, மீன் கழுவும்போது ஒன்று என்று சொல்லிப் பார்ப்பேன். முதலில் அவள் திட்டுவாள். திட்டட்டும். தண்ணீரை அள்ளி ஊற்றுவாள். ஊற்றட்டும். என் மாமியார் குளித்துவிட்டுத் தொட்டதைச் சொன்னால் கட்டாயம் சிரித்துவிடுவாள். அப்புறம், கதவுக்குப் பின்னால் உள்ளதை நீயே சொல்லு, நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி உனக்குத் திருப்பிச் சொல்கிறேன் என்று சமாதானம் சொல்லலாம். அவள் ஒத்துக்கொள்வாள். இந்த இடம்வரை வந்ததும் எனக்கு மனசு கொஞ்சம் ஆறும்.

ஒரு மத்தியானம் உலக்கைச் சத்தம் இல்லை. மதிலுக்கு அப்பால் ஆள் அரவம் கூடியிருந்தது. யாரோ ஓதுகிற சத்தம் கிணற்றுக்குள் இறங்கி என் பக்கம் வந்தது. கப்பி உருண்டது. "யாரு, அவ வந்திட்டாளா?" என்று குனிந்தேன். தண்ணீரில் முன்பின் தெரியாத முகம் ஒன்று நிமிர்ந்து பார்த்தது. வந்திருந்த சொந்தக்காரப் பெண் யாரோ.

"மவுத்தாயிட்டா" என்றாள். "தேங்காப்பட்டணத்துல. பேறு நேரத்துல. பிள்ளையும் தங்கல்ல. நேத்தே அடக்கியாச்சு."

நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன். அழுகைகூட வரவில்லை. சொல்வதற்கு அவ்வளவையும் அடுக்கி வைத்திருந்தேனே, இதை இனி யாரிடம் சொல்வது என்பதுதான் முதலில் தோன்றியது. அவள் அங்கே கடற்கரை மண்ணில். அவளுடைய புத்தகம் இங்கே கோட்டாற்று மண்ணில், என் மாமியாரின் கோடித் துவர்த்தோடு. இரண்டுக்கும் மரியாதையாக எல்லாம் நடந்திருந்தது. நான்தான் ஒன்றிலும் இல்லை. திட்டு வாங்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

துக்கம் கேட்க மாமியாரோடு முன்வாசல் வழியாக ஒருதரம் போனேன். பெண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பெரியும்மா என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல்முறை. அவளுக்கு நான் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாதே என்று நினைத்துக்கொண்டு, பாயின் ஓரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு வெகுநாள் நான் சத்தம்போட்டு வாசிக்கவில்லை. என் கணவர் புத்தகம் கொண்டுவருவார். இரண்டு தாள் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எந்தக் கதையைத் தொட்டாலும், இதை எப்படிச் சொன்னால் அவள் சிரிப்பாள் என்று மனசு ஓடும். அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. முன்போல இல்லை. இடித்துக்கொண்டே போகும், நிற்கவே நிற்காது.

மழை விட்டு, தண்ணீர் மேலேறியிருந்த ஒருநாள் துணி அலசிக்கொண்டிருந்தேன். உலக்கை நின்றது. பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டேன், பேச ஆள் இல்லாவிட்டாலும். பிறகு காலை இழுத்து இழுத்து நடக்கிற ஓசை கிணற்றை நோக்கி வந்தது. அத்தனை வருஷத்தில் வராத ஓசை.

"மோளே" என்று கிணறு கூப்பிட்டது.

குனிந்தேன். தண்ணீரில் பெரியும்மாவின் முகம். என்னைப் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன உம்மா?"

"அவ கதவத் தட்டினாள்லா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் பாதிக் கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல இடம் வந்தபோதெல்லாம் உலக்கை நின்றதே. இவர் ஒருநாளும் எழுந்து வந்ததில்லையே. உட்கார்ந்து கேட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறார், ஒவ்வொரு துறையையும்.

"எனக்கு ஓத மட்டுந்தான் வரும். வாசிக்க வராது" என்றார். "அவகிட்ட கேட்டிருக்கலாம். மருமவகிட்ட கத கேக்கதுக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சு. வரட்டும், வந்து நீ அவளுக்கு வாசிக்கும்போ கேட்டுக்கிடலாம்னு இருந்துட்டேன்." தண்ணீரில் எதுவோ சொட்டி முகம் கலைந்தது. "புஸ்தகம் உனக்கிட்டதானே இருக்கு? நீ வாசிச்சிருப்பேல்லா? கதவத் தொறந்தது யாரு மோளே? கப்பல்காரன் கிட்டினானா?"

புத்தகம் மண்ணுக்குள் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். நூல் போட்டுக் கட்டிவைத்த தாள்கள் கண்முன் வந்தன. அவள் கேட்டது ஞாபகம் வந்தது, நான் சும்மா இருந்து கேக்கணும் என்று.

"கிட்டினான் உம்மா" என்றேன். "அவனேதான் வந்து கதவத் தொறந்தான். அவளுக்க பேரச் சொல்லிக் கூப்பிட்டான். அவ திரும்பிப் பாத்தா."

பெரியும்மா கேட்டுக்கொண்டிருந்தார். "பொறவு?"

பொறவு நான் சொன்னேன். கூந்தல் வளர்ந்ததையும், மோதிரம் ஒரு மீனின் வயிற்றில் கிடைத்ததையும், இரண்டுபேரும் ஊருக்குக் கப்பல் ஏறினதையும், நடுவில் நிறுத்தாமல், வாசிக்கிற குரலிலேயே சொன்னேன். அந்த எழுத்தின் ஓசை என் நாக்கில் படிந்திருந்தது. முடித்தபோது இரண்டுபேரும் அழுதுகொண்டிருந்தோம்.

"கிட்டாம எங்க போவான்" என்றார் பெரியும்மா. காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார். உலக்கைச் சத்தம் மெதுவாகத் தொடங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒருநாள் புத்தகம் விற்கிற ஒருவர் எங்கள் தெருவில் வந்தார். முஸ்லிம் வீடுகளுக்கென்று கொண்டுவருகிற அரபு எழுத்துப் புத்தகங்கள், தலையில் பொதி. வெயில் தாங்காமல் எங்கள் வளவுக்குள் வந்து, கிணற்றடியில் பொதியை இறக்கித் தண்ணீர் கேட்டார். இறைத்துக் கொடுத்துவிட்டுப் பொதியைப் பார்த்தேன். மேலாக இருந்த ஒன்றை எடுத்தேன். இதற்கு அட்டை இருந்தது, பச்சை அட்டை. வலப்பக்கமிருந்து திறந்தேன். முதல் தாளின் துதி, அதன்கீழ் கப்பல்காரன் புறப்படுகிற பாட்டு. எனக்கு மனப்பாடம்.

"அது உங்க எழுத்து இல்லியே அம்மா" என்றார் அவர்.

என் பெருவிரல் தானாகக் கடைசித் தாள்களுக்குப் போயிற்று. கதவு அங்கேதான் இருந்தது. ஒரு தாள் தள்ளினால் போதும். மதிலுக்கு அப்பால், பெரியும்மாவுக்கு வயதாகிவிட்டதால் விட்டுவிட்டு இடித்துக்கொண்டிருந்த உலக்கை சட்டென்று நின்றது.

புத்தகத்தை மூடி அவரிடமே கொடுத்தேன்.

"வேண்டாமா?"

"வாசிச்சாச்சு" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.